கடலில் முதல் நாள்

கடற்கரை நகரத்தில் வாழ்வோர் அனைவரும் கடலை அறிந்தவர் அல்லர். திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து சங்குமுகம் கடற்கரை வெகுதொலைவில் இல்லை. ஆயினும் இருபது ஆண்டுகளாக நான் அங்குச் சென்றதில்லை. உறவினர் வந்தால் கணவரும் மகளும் அவர்களை அழைத்துச் செல்வர். இரவு உணவு சமைக்க வேண்டும் என்று கூறி நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

காரணம் வீட்டில் அனைவருக்கும் தெரியும். நான் பிறந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கு அருகில் உள்ளது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக்காகத் தாய்வீடு சென்றிருந்தேன். சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை அன்று காலை எங்கள் கரையை வந்தடைந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இருவர் என்னுடன் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதன்பின் அலையோசையைக் கேட்டாலே என் கைகள் குளிர்ந்துவிடும்.

இந்த நிலையில்தான் எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் காலம் நெருங்கியது. கொச்சியில் கடலியல் படிக்கப் போவதாக அவள் கூறினாள். நான் சரி என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளும் என்னை வற்புறுத்தவில்லை.

என் கணவர் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்துகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்து வருகின்றனர். பண்டிகை நாள் தவிர அவர் கடையை அடைத்ததில்லை. எங்கள் திருமணத்தின் 25ஆம் ஆண்டு வந்தபோது, ஒரு நாள் இரவு அவர் லட்சத்தீவுக் கப்பல் சுற்றுலா பற்றிய தாள் ஒன்றை என்னிடம் தந்தார்.

“ஐந்து நாள் பயணம். உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் மூணாறுக்குப் போவோம். இரண்டில் எது என்றாலும் எனக்கு மகிழ்ச்சிதான்” என்றார்.

மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் கப்பலுக்கே போகலாம் என்றேன்.

ஜனவரி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் தம்பானூர் நிலையத்தில் இரயில் ஏறி எர்ணாகுளம் சென்றோம். அங்கிருந்து வாடகைக் காரில் வில்லிங்டன் தீவை அடைந்தோம். அத்தீவின் பெரும்பகுதி மனிதர் உண்டாக்கிய நிலம். கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் தலைமையில் அதை உருவாக்கினர். லட்சத்தீவுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். அதைச் சரிபார்த்தபின் ‘எம்.வி. கவரத்தி’ என்னும் கப்பலில் எங்களை ஏற்றினர். கரைக்கும் கப்பலுக்கும் இடையே இருந்த படிக்கட்டில் என் கால்கள் தயங்கின. கணவர் ஒன்றும் கூறாமல் பின்னால் நின்றார். நானே ஏறினேன்.

கப்பல் புறப்படும் முன் அபாய அறிவிப்புப் பயிற்சி நடந்தது. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அனைவரும் குறித்த இடத்தில் கூட வேண்டும் என்றனர். உயிர்காப்பு மேலங்கியை அணியும் முறையையும் காட்டினர். மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தனர். நான் மட்டும் வாரின் முடிச்சை இருமுறை அவிழ்த்துக் கட்டிப் பார்த்துக்கொண்டேன்.

பிற்பகலில் கப்பல் நகர்ந்தது. இடப்புறம் கொச்சிக் கோட்டையின் சீனவலைகளும் வலப்புறம் வைப்பின் தீவும் பின்சென்றன. துறைமுக எல்லையைக் கடக்கும் வரை வழிகாட்டிய பைலட், சிறு படகில் இறங்கித் திரும்பினார். அதன்பின் கரை சிறிது சிறிதாக மறைந்தது. முதலில் மணற்கரை மறைந்தது; பின்னர் தென்னைகள் மறைந்தன; உயர்ந்த கட்டடங்களின் உச்சி மட்டும் நெடுநேரம் தெரிந்தது. பூமி உருண்டை என்று பள்ளியில் படித்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

மாலையில் மேல்தளத்தில் கம்பியைப் பற்றியபடி நின்றிருந்தேன். அவ்வழியே வந்த கப்பல் பணியாளர் ஒருவர், “சேச்சி, பயமா?” என்று மலையாளத்தில் கேட்டார். அவர் மினிக்காய்த் தீவைச் சேர்ந்தவர். வீட்டில் மஹல் மொழியும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்தவராம். நாங்கள் வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசுகிறோம் என்றதும் சிரித்தார். பிறகு நான் என் ஊரின் பெயரைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அருகில் வந்து நின்றார்.

“அன்று நான் வங்கக் கடலில் ஒரு சரக்குக் கப்பலில் இருந்தேன். அலை எங்கள் அடியில் கடந்திருக்க வேண்டும். நாங்கள் ஒன்றும் உணரவில்லை, வானொலியில் கேட்டுத்தான் அறிந்தோம்” என்றார்.

என்னால் நம்ப இயலவில்லை. அவர் விளக்கினார்: “ஆழ்கடலில் அந்த அலை விமானத்தைப் போல விரையும். ஆனால் ஒரு மீட்டர் உயரம்கூட இராது. ஆழம் குறைந்த கரையோரத்தை நெருங்கும்போதுதான் வேகம் தடைபட்டு மேலெழும். கடல் பின்வாங்குவதைக் கண்டால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று எங்கள் தீவில் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்.”

என்னுடன் படித்த அந்த இருவருக்கும் இதை யாரும் சொல்லித்தந்ததில்லை. எனக்கும் சொல்லவில்லை. கடலை நான் இருபது ஆண்டுகள் வெறுத்தேனே தவிர, அதைப் பற்றி ஒரு செய்தியும் கேட்டறியவில்லை. என் மகள் படிக்க விரும்பியது இதைத்தான் என்பது அப்போது விளங்கியது.

கதிரவன் மறைந்தபின் காற்று குளிர்ந்தது. கணவர் இரண்டு குவளைத் தேநீருடன் வந்தார். கடை நினைவு வந்ததா என்று கேட்டேன். “சாவி இடுப்பில் குத்தும்போது மட்டும் வருகிறது” என்றார். இருவரும் சிரித்தோம். கப்பல் மெல்ல அசைந்தது. என் கை கம்பியைப் பற்றித்தான் இருந்தது, ஆனால் குளிர்ந்திருக்கவில்லை.

“கொச்சியில் படிக்க விண்ணப்பிக்கச் சொல்லி அவளிடம் சொல்லுங்கள்” என்றேன்.

அவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். தொடர்பு அறுந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

“நாளைக் காலை கரை தெரியும். நீயே சொல். உன் வாயால் கேட்கத்தான் அவள் காத்திருக்கிறாள்” என்றார்.