பொறி சொன்னால் போதுமா?

"கணிப்பொறியே சொல்லிவிட்டது!" இதைக் கேட்டதும் வாயடைத்து நிற்போர் பலர். "சாத்திரம் சொல்கிறது" என்றதும் முன்பு தலைகுனிந்து நின்றனரே, அதே அடக்கம், அதே அச்சம்!

கணிப்பொறியைக் குறைகூற வந்தோமில்லை. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி வந்தது. அடுத்த ஆண்டே ஆட்டோகேட் எனும் வரைவு மென்பொருளும் வந்தது. ஸ்லைடு ரூலும் வரைபலகையும் கொண்டு பொறியாளர் பலநாள் பாடுபட்டு முடித்த பணி, விரைவில் முடியலாயிற்று. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கியதும், வசதி படைத்தோர் வீட்டில் மட்டுமே இருந்த கருவி, கூலி வேலை செய்வோர் குடிசைக்குள்ளும் நுழைந்தது. அதை வரவேற்காதார் உண்டோ!

ஆனால், கருவி கைக்கு வந்தால் போதுமா? கேள்வி கேட்கும் துணிவும் உடன் வரவேண்டாமோ?

நாம் கலைப் பட்டம் பெற்றவர். கணக்கு நம் பாடமன்று. எனினும், பள்ளியின் கணிப்பொறி அறை நம் பொறுப்பில் விடப்பட்டது. ஒருநாள், பள்ளித் தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைக் காணுமாறு மாணவர்க்குக் கூறினோம். நீளம் 2 மீட்டர், அகலம் 2 மீட்டர், உயரம் 1.5 மீட்டர். ஒரு மாணவன் உயரத்தை மட்டும் சென்டிமீட்டரில் அளந்து, 150 என்று பதிந்துவிட்டான். 6,00,000 லிட்டர் என்றது பொறி! வகுப்பே அதை ஏட்டில் எழுதிக்கொண்டது.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நாள்தோறும் குடத்துடன் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பவள். "ஐயா, எங்கள் தெருவுக்கு வரும் லாரியில் 12,000 லிட்டர்தான் பிடிக்கும். 50 லாரித் தண்ணீர் இந்தத் தொட்டியில் அடங்குமா?" என்றாள். மீண்டும் கணக்கிட்டோம். சரியான விடை 6,000 லிட்டர்!

பிள்ளைகள் கணக்குத்தானே என்று சிரிப்போர், நார்வே நாட்டில் நடந்ததைக் கேட்கட்டும். 1991 ஆகஸ்டு 23-ஆம் நாள், ஸ்லைப்னர் எனும் எண்ணெய்த் துரப்பண மேடையின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை, பொருளிழப்போ ஏறத்தாழ 70 கோடி டாலர். சுவரைப் போதிய நுண்கூறுகளாகப் பிரிக்காமல் கணிப்பொறியில் கணக்கிட்டனர். அதனால் சுவர் தாங்கவேண்டிய வெட்டு விசை 47 விழுக்காடு குறைவாகக் காட்டப்பட்டது. விபத்துக்குப் பின் நுணுகிக் கணக்கிட்டபோது, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்! பொறிக்குத் திறன் இருந்தது. ஐயுற்று ஆராய வேண்டிய மனிதரே தவறினர்.

நாளைய பொறியாளராகப்போகும் தம்பி, தங்கையரே! கணிப்பொறியை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். விடை வந்ததும், இது பொருந்துமா என்று உங்கள் அறிவைக் கேளுங்கள். அந்தப் பெண் கேட்டாளே, அதுபோல. அவள் பொறியியல் கல்லூரிக்குச் செல்லவேண்டும் என்பதே நம் ஆவல்.