கம்பெனி கைவிட்ட பிறகும்

“தம்பி, எந்த போன் வாங்கலாம்?” என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடக் கேட்பார். கேட்டால் எனக்குச் சந்தோஷம். மின்னணுச் சாமான்கள் மேல் சின்ன வயதிலிருந்தே தீராத ஆசை. சென்னைக்குப் போனால் ரிச்சி தெருவுக்குள் ஒரு நடை போகாமல் ஊர் திரும்ப மனசு வராது. புதிதாக ஒரு கருவி வந்துவிட்டால் உள்ளே என்ன சிப், திரை என்ன ரகம், பேட்டரி எவ்வளவு என்று படித்துவிட்டுத்தான் தூங்குவேன்.

ஆனால் வருஷம் போகப் போக என் பதில் மாறிவிட்டது. மெகாபிக்சல் கணக்கை இப்போது கடைசியில்தான் பார்க்கிறேன். செய்த கம்பெனி கைவிட்ட பிறகு இது நம் கையில் எத்தனை காலம் உழைக்கும் என்பதுதான் என் முதல் கேள்வி. எந்தக் கம்பெனியும் தன் சரக்கை ஒரு நாள் கைவிடத்தான் செய்யும். வியாபாரம் அப்படித்தான் நடக்கும். அந்த நாளில் நம் கதி என்ன என்பதைக் காசு கொடுக்கும் நாளிலேயே யோசித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

நோக்கியா 1100 ஞாபகம் இருக்கிறதா? 2003-இல் வந்தது. உலகம் முழுக்க 25 கோடி விற்றது. தூசி புகாத கீபேடு, வியர்த்த கையிலும் வழுக்காத ஓரம், உச்சியில் ஒரு டார்ச். பின்மூடியைக் கழற்றினால் பி.எல்.5சி என்ற பேட்டரி. கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்த ஆலை 2014-இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளம்பிள்ளைகளின் வேலை போயிற்று. அந்த பேட்டரி மட்டும் போகவில்லை. திருவிழாக் கடைகளில் மெமரி கார்டு செருகிப் பாட்டுக் கேட்கும் சின்னப் பெட்டி விற்கிறார்களே, அதில் பலவற்றின் முதுகைத் திறந்தால் அதே பி.எல்.5சிதான் இருக்கும். யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய அளவு, நகத்தால் நெம்பிக் கழற்றக்கூடிய இடம். இந்த இரண்டும் இருந்ததால்தான் அது தன் போனுக்குப் பிறகும் வாழ்கிறது.

இன்றைய போன்களில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி, கண்ணாடியால் மூடிவிடுகிறார்கள். லித்தியம் அயன் பேட்டரி நாள்பட நாள்படத் தேயத்தான் தேயும். முழுதாக 500 தடவை ஏறி இறங்கினால் முன்பிருந்ததில் 80 சதவீதம் மிஞ்சும் என்பது பழைய கணக்கு. இப்போது வரும் சில போன்கள் 1000 தடவை தாங்குகின்றன. பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. சித்திரை வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப்பும் ஓடவிட்டு, கூடவே சார்ஜும் போட்டால் அதன் ஆயுசு பாதியாகக் குறைந்தாலும் நான் வியக்க மாட்டேன். தேய்மானம் உறுதி என்று செய்கிறவருக்கே தெரிந்த ஒரு பாகத்தை ஏன் ஒட்டி மூட வேண்டும்? தண்ணீர் புகாமல் காக்க என்பார்கள். அது நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டுவிட்டது: 2027 பிப்ரவரி முதல் அங்கே விற்கும் கருவிகளில் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும். சில விலக்குகள் உண்டு என்றாலும் பெரிய காரியம். 2024 டிசம்பரில் போன்களுக்கெல்லாம் யு.எஸ்.பி. சி சார்ஜர் என்று கட்டாயமாக்கியதும் அவர்கள்தான். அதன் பலனை இன்று நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை அனுபவிக்கிறோம். இந்தியாவிலும் பழுது பார்க்கும் உரிமைக்கென்று நுகர்வோர் துறை 2022-இல் ஓர் இணையதளம் தொடங்கியது. அது சட்டமாக வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

காதில் செருகும் வயர்லெஸ் கருவிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பஸ்ஸில் வயர் சிக்காமல் பாட்டுக் கேட்பது சுகம்தான். ஆனால் புளியங்கொட்டை அளவு பேட்டரி இரண்டு, உள்ளே வைத்து மூடப்பட்டிருக்கின்றன. அவை தளர்ந்ததும் பல ஆயிரம் ரூபாய்ச் சாமான் குப்பைக்குப் போகிறது; ஒலி தரும் பாகங்கள் அப்போதும் நன்றாகவே இருக்கும். 2016-இல் ஐபோன் 7 வந்தபோது ஆப்பிள் ஹெட்போன் செருகும் 3.5 மி.மீ. ஓட்டையை எடுத்துவிட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். அந்த ஓட்டையின் வம்சம் எவ்வளவு பழையது! 19-ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் இணைப்புக் கொடுக்கும் பெண்கள் செருகி எடுத்த பெரிய பின்தான் அதன் மூதாதை. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காகச் சிறுத்து, 1979-இல் வாக்மேனோடு உலகமெங்கும் பரவியது. யாருக்கும் கப்பம் கட்டாமல், சார்ஜ் கேட்காமல், எந்தக் கருவியையும் எந்தக் காதோடும் சேர்த்தது. வயர் அறுந்தால் சால்டரிங் வைத்து ஒட்டலாம். இன்றும் அந்த ஓட்டை உள்ள போன்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. கேட்கிறவர்களுக்கு அவற்றைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஸ்மார்ட் டி.வி.யைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரை பத்து வருஷம் வரும். உள்ளே இருக்கும் மென்பொருள் அதில் பாதி வருஷத்திலேயே மூச்சு வாங்கும். நல்ல திரையாகப் பார்த்து வாங்கி, படம் காட்டும் வேலையைத் தனியாகச் செருகும் ஒரு குச்சிக்குக் கொடுத்துவிடுங்கள். குச்சி பழசானால் குச்சியை மட்டும் மாற்றலாம்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். கேசட் காலத்தில் நம் ஊர்களில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வெற்றுக் கேசட் ஒன்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். அறுபது நிமிஷக் கேசட்டா, தொண்ணூறா. ஏ பக்கம் முழுக்க சோகமா, பி பக்கம் எஸ்.பி.பி.யா என்று வீடே கூடிப் பட்டியல் போடும். அப்புறம் எம்.பி.3 வந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வாளர்கள், மனிதக் காதுக்கு எட்டாத ஒலிகளைக் கழித்துக் கழித்து சி.டி.யில் 40 எம்.பி. பிடிக்கும் நாலு நிமிஷப் பாட்டை 4 எம்.பி.க்குள் அடக்கினார்கள். ஒரே வட்டில் 150 பாட்டு. பிறகு மொபைல் கடை வாசலில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்ற பலகை. இந்த ஏற்பாடுகளில் பெரும்பாலும் பாடினவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒரு பைசா போய்ச் சேரவில்லை. அது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்று பாட்டுச் செயலிகளுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறோம். நல்லது, உழைத்தவருக்குக் கொஞ்சமாவது போகிறது. ஆனால் கேட்கும் பாட்டு நம்மிடம் இல்லை. ஸ்பாட்டிஃபை 2019-இல் இந்தியாவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இசைக் கம்பெனியான சரிகமாவோடு உரிமப் பிணக்கு வந்தது. பழைய எச்.எம்.வி. களஞ்சியம் முழுக்க சரிகமா வசம் இருப்பதால், அந்தப் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து போய்விட்டன. 2020-இல் ஒப்பந்தம் ஆன பிறகுதான் திரும்பி வந்தன. கூகுள் பிளே மியூசிக் 2020-இல் மூடப்பட்டது. ஏர்டெல் தன் விங்க் செயலியை மூடப்போவதாக 2024-இல் அறிவித்தது. ஆசை ஆசையாகச் சேர்த்த பட்டியல்கள் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு முறையும் நமக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார்.

2017-இல் சரிகமா விட்ட கார்வான் பெட்டி வீடு வீடாகப் போனதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உள்ளேயே 5000 பாட்டு. கணக்குத் திறக்க வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், நெட் வேண்டாம். குமிழைத் திருகினால் எம்.எஸ்.வி., இன்னொரு திருகில் டி.எம்.எஸ். எழுபது வயது அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சரிகமா நாளைக்கே இதை நிறுத்தினாலும் அந்தப் பெட்டி பாடும். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையும் 2009-இல் பாடல்களின் நகல் பூட்டைக் கழற்றியது; 2012 இறுதியில் அது இந்தியாவுக்கு வந்தபோது தமிழ்ப் பாட்டையும் ஒற்றையாக வாங்க முடிந்தது. அன்று வாங்கியது இன்றும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். இசைக் கம்பெனிகளிடம் என் கோரிக்கை இதுதான்: காசு தரத் தயாராக இருக்கிறோம், பாட்டைப் பூட்டில்லாத ஃபைலாகவும் விற்றுவையுங்கள்.

மின்நூல் படிக்கும் கருவி எனக்கு மிகவும் பிடித்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் பொடித் துகள்கள் மேலே வந்தும் கீழே போயும் எழுத்தாகும் திரை அது. பக்கம் புரட்டும்போது மட்டும்தான் மின்சாரம் செலவாகும். கிணற்றடி வெயிலிலும் காகிதம்போலத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால், கண் மங்கியதும் படிப்பை நிறுத்திவிட்ட பெரியவர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. அமேசானின் கிண்டில் 2016 கடைசியில் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கியபோது நான் கொண்டாடினேன். கருவியை இன்றும் மெச்சுகிறேன். கடை விதிகளை மெச்ச முடியவில்லை. 2009-இல், விற்றவரிடம் உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984, விலங்குப் பண்ணை ஆகிய நூல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் தொலைவிலிருந்து அழித்தது. பணம் திரும்பி வந்தது. ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் ஒரு பள்ளி மாணவர் எழுதிவைத்த குறிப்புகள் பயனற்றுப்போய் அவர் வழக்குப் போட நேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் மின்நூல் கடையை மூடியபோது விற்ற நூல்கள் அத்தனையும் மறைந்தன. அங்கேயும் பணம் திரும்பியது, புத்தகம் திரும்பவில்லை. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கிக் கேபிள் வழியாக மாற்றும் வசதியும் நிறுத்தப்பட்டது. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் ஒரு நல்ல சட்டம் கொண்டுவந்திருக்கிறது: டிஜிட்டல் பொருளை விற்கிறவர், கொடுப்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ள விடுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

டிஜிட்டல் என்றாலே நிலையற்றது என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். நம்மிடமே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. தொண்ணூறுகளில் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கடையில் பாமினி, அடுத்த கடையில் வானவில், பத்திரிகை ஆபீஸில் ஷ்ரீலிபி. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். புத்தகங்களை பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் கோத்தார்கள். அதன் 7.0 பதிப்பு 2001-இல் வந்தது. அதற்குப் பிறகு அடோபி இன்டிசைனுக்கு மாறிவிட்டது. அன்றைய சி.டி.களில் உறங்கும் எத்தனை நூல்களை இன்று திறக்க முடியும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அதே காலத்தில், 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் சங்க இலக்கியத்தையும் பக்தி இலக்கியத்தையும் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றினார்கள். முன்பு அவை திஸ்கி என்ற குறியீட்டில் இருந்தன. திஸ்கி வழக்கொழிந்தபோது அந்த நூல்கள் அழியவில்லை, யுனிகோடுக்கு மாறின. குறியீட்டு அட்டவணை எல்லோருக்கும் திறந்திருந்தது. நகல்கள் எல்லோரிடமும் இருந்தன. ஒரு மாற்றியை எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. காப்பாற்றியது அதுதான். ஈழத்து நூல்களை 2005 முதல் ஆவணப்படுத்திவரும் நூலகம் திட்டமும் இந்த வழியில்தான் வந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். இவ்விரண்டையும் செய்தவர்களுக்கு நான் கைகூப்பக் கடமைப்பட்டவன். தமிழ்த் தொழில்நுட்பத்தில் நாம் பெருமைப்பட வேண்டிய முதல் காரியம் எது என்று கேட்டால் எந்தச் செயலியையும் சொல்ல மாட்டேன், இவற்றைத்தான் சொல்வேன்.

வீட்டுப் போட்டோக்களுக்கும் இதே கணக்குத்தான். கூகுள் போட்டோஸின் எல்லையற்ற இலவச இடம் 2021 ஜூனோடு முடிந்தது. இப்போது எல்லாம் சேர்த்து 15 ஜி.பி. இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்கை, உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இறந்துபோன அப்பாவின் கணக்கை யார் தொடுவார்கள்? செயலற்ற கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்க கூகுளில் வழி உண்டு. ஆப்பிளிலும் 2021 முதல் உண்டு. பெற்றோரிடம் உட்கார்ந்து பேசி அதைச் செய்துவையுங்கள். சங்கடமான பேச்சுதான், ஆனாலும் பேசுங்கள்.

கூடவே இந்த வாரமே ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். பென் டிரைவ் போதாது. போனில் உள்ள படங்களையும், குழந்தை பேசின முதல் வார்த்தைகளின் வீடியோவையும், பாட்டியின் குரல் இருக்கும் வாட்ஸ்அப் செய்திகளையும் அதில் நகலெடுங்கள். வருஷவாரியாகப் பிரித்து, யார் யார் என்று பெயர் எழுதுங்கள். இன்னொரு டிஸ்கில் அதையே மறுபடி ஏற்றி, வேறு ஊரில் இருக்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ கொடுத்துவையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டையும் செருகித் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.