காற்றைச் சேர்க்காமல்

அண்ணன் மகன் அனுப்பிய வீடியோ ஏழே விநாடிதான். ஊர்க் கண்மாய்ப் பொட்டலில் அண்ணன் நாலடி பின்னால் போய், ஓடி வந்து பந்தை உதைக்கிறார். அது ஏறி இறங்கி, கருவேலம் புதருக்கு முன்னால் புழுதி கிளப்பி விழுகிறது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "தம்பி, எவ்வளவு ஸ்பீடுன்னு கணக்குப் போட்டுச் சொல்லுடா. நூறைத் தாண்டுச்சுன்னா பொங்கல் மேட்ச்ல எறங்குறேன்."

அண்ணனுக்கு 41 வயது. இடது முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நேராக ஓடலாம், சட்டென்று திரும்புகிற ஆட்டம் இப்போதைக்குக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மதினி என்னிடம் தனியாகப் பேசினார். "நீங்க கம்மியாவே சொல்லுங்க தம்பி."

பெங்களூரில் இரவு பதினோரு மணிக்கு லேப்டாப்பில் அந்த வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். விநாடிக்கு 30 ஃப்ரேம். கால் பட்டதிலிருந்து புழுதி எழும்வரை 96, அதாவது 3.2 விநாடி. தூரத்தைப் பையனே கொத்தனாரிடம் டேப் வாங்கி அளந்திருந்தான், 52 மீட்டர்.

இந்த இரண்டு எண் போதும். பிளஸ் ஒன் இயற்பியலில் வருகிற எறிபொருள் கணக்குதான். பக்கவாட்டு வேகம், 52-ஐ 3.2-ஆல் வகுத்தால் விநாடிக்கு 16.25 மீட்டர். மேல்நோக்கி, பாதி நேரம் ஏற்றம், பாதி இறக்கம். 1.6-ஐ 9.8-ஆல் பெருக்கினால் 15.7. இரண்டையும் பித்தாகரஸிடம் கொடுத்தால் 22.6 மீட்டர். மணிக்கு 81 கிலோமீட்டர். உச்சியில் பந்து 12 மீட்டருக்கு மேல் போயிருக்கிறது. தென்னை உயரம். முட்டி உடைந்த மனுஷன்!

81. மதினி கேட்டது தானாகவே கிடைத்துவிட்டது. அனுப்பிவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

ஆனால் அந்தக் கணக்கின் தலையிலேயே ஒரு வரி உண்டு. காற்றின் தடையைப் புறக்கணிக்கவும். இரும்புக் குண்டு எறிந்தால் புறக்கணிக்கலாம். கால்பந்து 430 கிராம்தான், குறுக்களவோ 22 சென்டிமீட்டர். தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். இந்த வேகத்தில் காற்று பின்னால் இழுக்கிற விசை, கிட்டத்தட்ட பந்தின் எடைக்கே பக்கத்தில் வந்துவிடும். அந்த இழுப்பையும் மீறி 52 மீட்டர் போக வேண்டுமென்றால் காலை விட்டுக் கிளம்பும்போது வேகம் 81-ஐ விட நிறைய இருந்திருக்க வேண்டும். சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி ஓட்டினேன். தடைக் குணகத்தை எவ்வளவு வைக்கிறேன் என்பதைப் பொறுத்து விடை 95-க்கும் 105-க்கும் நடுவில் ஆடியது. அந்தக் குணகம் பந்தின் தையலுக்கும் சுழற்சிக்கும் ஏற்ப மாறும். நூறு அந்த இடைவெளியின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது.

உதையின் வேகத்துக்கும் முட்டி திரும்புவதற்கும் சம்பந்தமில்லை என்று அண்ணனிடம் சொல்லிப் பார்க்கலாம். அவர் அதைக் கேட்கவில்லையே.

"81. காத்தைச் சேர்க்கலை" என்று அனுப்பினேன். இரண்டாவது வாக்கியத்தை இரண்டு முறை அழித்து, திரும்ப எழுதித்தான் அனுப்பினேன்.

காலையில் பதில் வந்திருந்தது. "நம்ம பொட்டல்ல காத்து இருக்குல்ல? சேத்துச் சொல்லு."

பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நான் இன்னும் பதில் போடவில்லை.