சாம்பல் கட்டங்கள்

ரொறன்ரோ, ஞாயிறு இரவு

இந்தக் கிழமை என் நித்திரையைக் கெடுத்தது தலைமன்னாரிலிருந்து வந்த ஓர் அழைப்பு. தங்கச்சியின் மகன். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றில், வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்குக் கடைசி நேர்முகம் வரை போயிருந்தான். கிடைக்கவில்லை.

"மாமா, என்ர கிட்ஹப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கொண்டு, 2022 பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் ஏன் ஒண்டுமில்லை எண்டு கேட்டவை. கரண்ட் இல்லை எண்டன். அதுக்குப் பிறகு அவை ஒண்டும் கேக்கேல்லை."

அந்தப் பங்குனிக் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. எங்கள் மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த காற்றாலைகள் 30. 100 மெகாவாட்டுக்கு மேல் திறன். அந்த மின்சாரம் முழு நாட்டுக்கும் போகிறது. அவற்றைப் பார்த்தபடி பெடியன் இருட்டில் இருந்தான்.

நிரலாளர்களை வேலைக்கு எடுக்கும் வழக்கத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கிட்ஹப் என்பது நிரலாளர்கள் தங்கள் நிரலைப் பொதுவில் வைக்கும் இடம், 2008இல் தொடங்கியது. ஒவ்வொருவர் பக்கத்திலும் வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்னக் கட்டம். வேலையைப் பதிந்த நாள் பச்சை, பதியாத நாள் சாம்பல். ஆனால் செய்த வேலையெல்லாம் பச்சையாகாது. பதியும் மின்னஞ்சல் முகவரி கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். இன்னொருவரின் திட்டத்தைப் பிரதி எடுத்து அதற்குள் ஆறு மாதம் உழைத்தாலும், மூலத்திட்டக்காரர் ஏற்றுச் சேர்க்கும்வரை அந்தப் பதிவுகள் கணக்கில் வராது. கொம்பனிக்குள் பூட்டி வைத்த நிரலில் வேலை செய்து, வீட்டுக்கு வந்து பிள்ளைகளையும் பார்க்கிற பெண்ணின் பக்கம் வெறுமையாகவே கிடக்கலாம். இதைத்தான் ஆட்களை எடுக்கிறவர்கள் சுறுசுறுப்பின் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

நிரலை எவரும் பார்த்துத் திருத்தத் திறந்து வைக்கும் திறமூலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். "நீர் ஆற்ர மகன்?" என்று தொடங்கும் ஊரிலிருந்து வந்தவன் நான், அந்தக் கேள்வி இல்லாத வாசல் அது. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிய எங்கள் நாட்டு நிரலாளர்கள் அவசர அவசரமாக எழுதிய 'சஹானா' திறமூலமாக வெளிவந்தது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010இல் ஹெயிட்டிக்கும் அது போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 சமூகநல விருதும் அதற்குத்தான். மாணவர்கள் திறமூல நிரல் எழுதுவதற்காக 2005இல் கூகிள் தொடங்கிய கோடைத் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் மிகக் கூடுதலான மாணவரை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அந்தப் பிள்ளைகள் எழுதியதை ஒருவர் இருந்து வாசித்தார். வாசித்துத்தான் எடுத்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் நெஞ்சு நிமிர்கிறது.

பேசாலைக் கரையில் அப்பாவை வேலைக்குச் சேர்த்த சம்மாட்டி, அப்பா பொத்திய வலையைக் கையில் எடுத்து, முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்த்தாராம். சோளகத்தில் எத்தனை நாள் தொழிலுக்குப் போகவில்லை என்று கேட்கவில்லை. காற்றுக்குப் போக ஏலாது என்பது அவருக்குத் தெரியும்.

மருமகனிடம், அந்த மாதங்களில் உண்மையில் என்ன செய்தாய் என்று கேட்டேன். கரண்ட் வந்த நேரங்களில், நடுச்சாமத்தில் எழும்பி, ஒரு திறமூல வாசிப்புச் செயலியின் பிரதியில் வேலை செய்திருக்கிறான். வரி முடியுமிடத்தில் தமிழ்ச் சொல்லின் கடைசிப் புள்ளி எழுத்தை விட்டுப் பிரிந்து அடுத்த வரிக்குப் போய்விடும் பிழை. அவன் அனுப்பிய திருத்தத்தை மூலத்திட்டக்காரர் இன்னும் பார்க்கவில்லை.

நேற்றிரவு அதைத் திறந்து வாசித்தேன். மொத்தம் 41 வரி. ஒரு வரிகூட வீணில்லை. திருத்தம் சரியா என்று சோதிக்க அவன் வைத்திருந்த சொல் 'தலைமன்னார்'. ஜன்னலை எவ்வளவு ஒடுக்கினாலும் புள்ளி 'ர'வை விட்டு அசையவில்லை.