ஹந்தானைச் சாரலில் வாக்குச் சீட்டு

கண்டி மாநகரைக் காணச் செல்வோர் தலதா மாளிகையையும் ஏரியையும் பேராதனைப் பூங்காவையும் கண்டு களித்துத் திரும்புவதே வழக்கம். தெற்கே அரண்போல் நிற்கும் ஹந்தானை மலையை ஏரிக்கரையிலிருந்து நிமிர்ந்து நோக்கிவிட்டுப் போவோரே மிகுதி. நாம் சென்றது அம்மலைக்கு. சில கிலோமீற்றர் தூரம் வளைந்து வளைந்து ஏறினால் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று தென்படும். இன்று அது தேயிலை நூதனசாலை. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களும் அக்காலத்து இயந்திரங்களும் அங்கே பேணப்படுகின்றன. அக்கொழுந்தைப் பறித்தவர்கள் வாக்களித்த வரலாற்றை அறிய விரும்புவோர், சற்று அப்பால் நடந்து லயத்து வாசலில் அமரவேண்டும்.

அவ்வரலாறு எளிதன்று. டொனமூர் ஆணைக்குழுவின் யோசனைப்படி 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, நிரந்தரமாகக் குடியிருப்போர் என்பதை நிரூபித்த தோட்டத் தமிழரும் வாக்களித்தனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டித் தொகுதியிலிருந்து, இலங்கை இந்தியர் காங்கிரஸைச் சேர்ந்த கே. இராஜலிங்கம் பாராளுமன்றம் சென்றார். காங்கிரஸ் போட்டியிடாத பல இடங்களில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன. ஆட்சியாளர் அதனை மறக்கவில்லை போலும்! 1948இல் பிரஜாவுரிமைச் சட்டமும், மறு ஆண்டில் தேர்தல் திருத்தச் சட்டமும் பிறந்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மலையகத்தின் பெரும்பாலான லயங்களில் வாக்காளர் எனச் சொல்லத் தக்கவர் இல்லை.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. அவர்கள் யாருக்கு வாக்களித்தனர் என்று கேட்பதற்கு முன், எங்கே அனுப்பப்படவிருந்தனர் என்று கேட்கவேண்டிய காலம் அது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டியில் அண்ணன் ஏற, தம்பி மேடையில் நின்ற குடும்பங்கள் உண்டு.

1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் தெரிவாகி, அடுத்த ஆண்டு அமைச்சரானார். அதன்பின் தோட்டத்து வாக்கு என்றால் யானைச் சின்னம் என்பது நெடுங்காலம் வழக்காயிற்று. தலைவர் சொன்ன பக்கம் மந்தைபோல் சாய்ந்தார்கள் என்று நகரத்துப் படிப்பாளிகள் சிலர் எள்ளுவதுண்டு. நமக்கு அது நியாயமாகப் படவில்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 1988ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பேரத்தின் வழியே வந்தது. எஞ்சிய குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்றைய கணக்கு வேறு வகையானது. தொகுதிக்கு ஓர் அங்கத்தவர் என்ற முறை போய், மாவட்டம் முழுவதும் ஒரே களமாகிவிட்டது. கண்டி மாவட்டத்தில் 13 தேர்தல் தொகுதிகள். அங்கத்தவர்கள் 12 பேர். தமிழரோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர். அவர்களும் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை எனச் சிதறி வாழ்பவர்கள். கட்சிக்கு ஒரு புள்ளடி இட்டபின் மூன்று வேட்பாளருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். ஆகவே சின்னத்தைவிட இலக்கமே முக்கியமாகிவிடுகிறது. "நம்பர மறந்துட்டா எல்லாம் கெட்டுப் போகுமுங்க, ஐயா" என்றார் லயத்து முதியவர் ஒருவர். தேர்தல் காலத்தில் பிரட்டுக் களத்திலும் கோயில் வாசலிலும் அந்த இலக்கத்தையே ஓதுவார்களாம்.

ஓதிய பலன் சில வேளை கிட்டியது. சில வேளை கிட்டவில்லை. 2010இல் மனோ கணேசன் கண்டியில் நின்று தோற்றார். 2015இலும் 2020இலும் வேலு குமார் வென்றார். முதன்முறை யானை, அடுத்தமுறை தொலைபேசி. சின்னம் மாறியும் விருப்பு வாக்கு வழி தவறவில்லை. 2024 நவம்பரில் தமிழ் வேட்பாளர்கள் வெவ்வேறு சின்னங்களில் பிரிந்து நின்றனர். திசைகாட்டிச் சின்னத்துத் தேசிய மக்கள் சக்தி 12 ஆசனங்களில் 9ஐக் கைப்பற்றியது. வேலு குமார் தோல்வியுற்றார். நம்மவர் ஒருவர் சபையில் இருக்கவேண்டும் என்று முதியவர் சொல்ல, சம்பளமும் காணியும் தருபவர் யாராயிருந்தால் என்ன என்று வாதாடினான் அவர் பேரன். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் அப்பிள்ளை, வாக்களிப்பதற்காகவே இரவு பஸ் ஏறி வந்தவன். நாம் இருவருக்கும் நடுவே தேநீர்க் கோப்பையுடன் வாய் திறவாது இருந்தோம்.

தேர்தல் முடிவுகள் தொகுதிவாரியாகவே வெளியிடப்படுவதால், இந்த லயம் எப்பக்கம் சாய்ந்தது என்பது எவருக்கும் தெரியப் போவதில்லை. அதுவும் நன்றே. தோட்ட நிருவாகத்தின் வீட்டில் குடியிருந்து, அதே நிருவாகத்திடம் கூலி பெறுவோருக்கு இரகசிய வாக்கு ஒரு கேடயம்.

விடைபெறும் வேளையில் பாட்டியார் ஒருவர் தமது பழைய வாக்காளர் அட்டையை எடுத்து வந்து காட்டினார். பெயருக்குக் கீழே வீட்டு இலக்கமோ வீதியோ இல்லை. தோட்டத்தின் பெயர் மாத்திரமே இருந்தது. கடிதங்கள் இன்றும் தோட்டக் காரியாலயத்திற்கே வருகின்றனவாம். அங்கிருந்து ஆள் மூலம் வந்து சேரவேண்டும்.