எள்ளும் நீரும்

ஆடி அமாவாசை அண்மிக்கும் நாள்களில் யாழ்ப்பாணத்துச் சந்தைகளிலே காத்தோட்டிக்காய் வந்து குவியும். மற்றை நாள்களில் எவரும் பெரிதாகத் தேடாத அந்தக் கசப்புக் காய், அன்று தந்தையை இழந்தோர் இல்லங்களில் விரதச் சமையலிற் சேர்கின்றது. தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரைப் பூரணை என எம் முன்னோர் வகுத்தனர். தந்தை உயிரோடிருப்பவனுக்கு இவ்விரதம் இல்லை. ஆதலால், அக்காயைத் தன் விரத இலையில் முதன்முறை காணும் நாளிலேதான், தான் தந்தையற்றவன் என்பதை ஒருவன் ஐயமற உணர்கின்றான்.

நாம் அதனை உணர்ந்தது எமது முப்பத்தோராம் வயதில். கீரிமலையிலே, கடலை அடுத்திருக்கும் நன்னீர்க் கேணியில் நீராடி, எள்ளும் நீரும் இறைத்தோம். சுவருக்கு அப்பால் உப்புக் கடல். இப்பால் வற்றாத ஊற்று. அதன் கரையில் நின்றபோது துயரத்தினூடே ஓர் ஆறுதல் பிறந்தது.

1990ஆம் ஆண்டு போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்களை விட்டுப் பெயர்ந்தனர். பின்னர் பல்லாண்டுகள் அக்கேணி எமக்கு எட்டாததாயிற்று. இரவல் வீட்டுக் கிணற்றடியில் நின்று அக்கடனைச் செய்தோம். இங்கு இறைக்கும் நீர் அவரைச் சென்றடையுமோ எனக் கலங்கினோம்.

இன்று எம் கலக்கம் வேறு. எம் தந்தையார் அறுபத்தாறில் மறைந்தார்; எமக்கோ எழுபத்துநான்கு நிறைந்துவிட்டது. எம்மினும் இளையவரான ஒருவரைத் தந்தையென நினைந்து எள் இறைக்கின்றோம்.

இறுதி ஈராண்டுகளில் அவருக்குச் செவி மந்தமாயிருந்தது. ஒன்றை இருமுறை கேட்பார். நாம் முகஞ் சுளித்து, குரலை உயர்த்தி மறுமொழி சொல்வோம். நாளடைவில் அவர் மீண்டும் கேட்பதை விட்டுவிட்டார். எதைச் சொன்னாலும் விளங்கியவர்போலப் புன்னகை செய்வார். தொல்லை தீர்ந்ததென்று நாமும் இருந்துவிட்டோம்.

இப்பொழுது எமது செவியும் மந்தமாகிவிட்டது. பிள்ளைகள் கூடியிருந்து உரையாடும்போது பாதி விளங்குவதில்லை. இருமுறை கேட்க நாணி, நாமும் புன்னகை செய்கின்றோம். அந்தப் புன்னகையின் பொருள், அதை நாமே அணிந்த பிறகுதான் எமக்கு விளங்கிற்று. அவர் எம்மைத் தம்மிடமிருந்து விடுவிக்கவே அவ்வாறு சிரித்தார்.

எள்ளும் நீரும் மறுமையிற் சென்று சேர்கின்றன என்பதற்குக் காட்டத்தக்க சான்று எம்மிடம் இல்லை. ஆயினும் அந்நம்பிக்கையை நாம் கைவிடோம். "ஐயா, பொறுத்தருளுங்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கும் மகனுக்கு, சொல்வதற்கு ஒரு நாளையும் நிற்பதற்கு ஒரு கரையையும் தந்தது எமது சமயம். மூப்பும் அவ்வாறே. பெற்றோரை அவர்கள் நின்ற இடத்திலிருந்தே காணும் கண்ணை அது எமக்குத் தருகின்றது, தாமதமாகவேனும் தருகின்றது.

இதனை வாசிக்கும் இளையோருக்கு ஒன்று கூறி அமைகின்றோம். உங்கள் இல்லத்து முதியவர் ஒன்றை மறுமுறை கேட்பாராயின், முகங்கோணாது மறுமுறையுஞ் சொல்லுங்கள். எள்ளும் நீரும் பிறகும் இறைக்கலாம். அந்த மறுமொழியைப் பிறகு சொல்ல இயலாது.