மூன்று சுழி தாங்கும் தடிமன்

நாமக்கல் வட்டாரத்து லாரிப் பட்டறைகளில் எழுத்துக்காரருக்கு வேலை கடைசியில்தான் வரும். வெறும் சேஸாக வந்து நிற்கும் வண்டிக்குப் பாடி கட்டி, பெயிண்ட் அடித்துக் காய்ந்த பிறகே அவர் பிரஷ்ஷோடு ஏறுகிறார். அதற்குள் உரிமையாளர் பூஜைக்கு நாள் குறித்திருப்பார். எல்லாருடைய தாமதமும் அவர் தலையில் விழும்.

நான் போனது குண்டு எழுத்தைப் பார்க்க. கேபின் நெற்றியில் கொழுகொழுவென்று, முனையெல்லாம் உருண்டு, நிழலோடு சிரிக்கிற எழுத்து அது. பார்க்கிறவர்கள் அதை விளையாட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் கேலிச்சித்திரத்துக்கு அடுத்த வீடு என்றுதான் வைத்திருந்தேன்.

அன்று எழுதவேண்டியது ‘கண்ணன் துணை’. எழுத்துக்காரருக்கு அறுபது வயதிருக்கும். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துச் சுண்டி, மேலும் கீழுமாக இரண்டு கோடு போட்டார். அடுத்து ‘க’வை எழுதுவார் என்று பார்த்தால், நடுவில் இருக்கும் ‘ண’வை முதலில் வரைந்து நிறுத்தினார்.

“ஏங்கண்ணா, நடுவுல இருந்து?”

“மூணு சுழி எவ்வளவு தடிமன் தாங்குதோ, அதுதானுங்க தம்பி மத்ததுக்கும். ‘க’வைப் பாத்து ஆரம்பிச்சா ‘ண’ அடைஞ்சு போயிருமுங்க.”

தடித்த எழுத்தின் சூட்சுமம் முழுக்க இதில் இருக்கிறது. ‘ட’, ‘ப’ போன்றவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் கொழுக்க வைக்கலாம். உள்ளே இடம் இருக்கிறது. ‘ண’, ‘ணை’, ‘ஞ’ அப்படியல்ல. கோடு தடிக்கத் தடிக்க உள்ளிருக்கும் வெளி சுருங்கி, பத்தடி தூரத்திலேயே கறுப்புக் கட்டியாகிவிடும். அவர் செய்வது இதுதான்: மூன்று சுழி எழுத்தை அகலமாக்குகிறார், சுழிக்குள் போகும் கோட்டை வெளிக்கோட்டைவிடச் சற்று மெலிதாக இழுக்கிறார். கிட்டத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. இறங்கி வந்து பார்த்தால் எல்லாம் ஒரே தடிமன். புள்ளியும் அப்படியே. மெய்யெழுத்தின் புள்ளியை எழுத்துக்குத் தக்கபடி பெரிதாக்கி, தோளில் ஒட்டாமல் மேலே தூக்கி வைக்கிறார். அது ஒட்டினால் ‘ன்’ என்பது என்னவென்றே புரியாது.

சிவப்பு எழுத்து, மஞ்சள் அவுட்லைன், ஒரே பக்கமாகக் கறுப்பு நிழல். சுண்டுவிரலைத் தகரத்தில் ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்கி அவர் இழுத்த ஒரு வளைவை நான் வீடியோ எடுத்திருக்கலாம். எடுக்கத் தோன்றவில்லை, நல்லதுதான்.

இதே கணக்கை எழுத்துரு செய்கிறவர்களும் போடுகிறார்கள். மும்பையின் ‘ஏக் டைப்’ குழு ‘பலூ’ என்றொரு கொழுத்த, விளையாட்டான எழுத்துக் குடும்பத்தை இந்திய மொழிகளுக்காகச் செய்தது. மலையாளத்தில் அது ‘பலூ சேட்டன்’, தெலுங்கில் ‘பலூ தம்முடு’. நமக்கு ‘பலூ தம்பி’. தமிழ் வடிவத்தை அமைத்தவர் ஆதர்ஷ் ராஜன். முதலில் ஒரே தடிமனில் இருந்தது. அடுத்த பதிப்பான ‘பலூ 2’, 400 முதல் 800 வரை ஐந்து தடிமன்களில் வந்தது. டெல்லியின் ஹனீஃப் குரேஷி (2024இல் மறைந்தார்) எதிர்த்திசையில் போனார்: தெரு ஓவியர்களின் கையெழுத்தையே எழுத்துருவாக்கி, அந்தந்த ஓவியர் பெயரையே அதற்கு வைத்தார். பெயர் வைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கெடுதல் நடக்கும் இடம் வேறு. ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில், ஒரு மெல்லிய எழுத்தை எடுத்து ‘போல்டு’ பொத்தானைத் தட்டுகிறார்கள். இடம் மிஞ்சினால் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். இயந்திரம் எல்லாக் கோட்டையும் ஒன்றுபோல வீங்க வைக்கும். அதற்கு ‘ண’ தெரியாது.

பட்டறையில், கேபினை முடித்து வண்டியின் பின்கதவுக்கு வந்தோம். ‘சவுண்ட் ஹாரன்’ குண்டாக, நிழலோடு. நேஷனல் பெர்மிட், எடை விவரமெல்லாம் நேரான, ஒப்பனையில்லாத எழுத்தில். ஏன் என்றேன்.

“இது போலீஸ்காரர் படிக்கறதுங்க. அது பின்னாடி வர்றவன் படிக்கறது.”

நம்பர் பிளேட்டில் இந்த விளையாட்டே கூடாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 50ஆம் விதி அலங்கார எழுத்தை அனுமதிப்பதில்லை. ஆனால் சட்டம் சொல்லாத இடங்களும் உண்டு. ‘கண்ணீர் அஞ்சலி’ என்பதை உருண்டு திரண்ட எழுத்தில் அடித்த சுவரொட்டியை நான் பார்த்திருக்கிறேன். இறந்தவர் புகைப்படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார், எழுத்தும் சிரித்தது. அச்சகத்தில் ஒருவருக்கும் உறுத்தவில்லை போலும்.

கூழ்க்கடை, ஐஸ்கிரீம் வண்டி, சிறுவர் புத்தக அட்டை, விளையாட்டு விழாப் பலகை: குண்டு எழுத்துக்கு இவை ஏற்ற இடங்கள். ஒன்றிரண்டு சொல், பெரிய அளவு, சுற்றிலும் வெற்றிடம். முகவரி, தொலைபேசி எண், விலைப்பட்டியல் எதற்கும் அது உதவாது. பத்தி பத்தியாக அதில் அடித்தால் எந்தச் சொல்லும் எடுபடாது, எல்லாமே கத்தும்.

கடைக்குப் பலகை வைக்கப்போகிறீர்களா? உங்கள் ஊரில் பிரஷ் பிடிக்கும் ஆள் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். இல்லையென்றால், தடிமனாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்; பலூ தம்பி திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எதுவானாலும், காசு கொடுக்கும் முன் பெயரைத் தாளில் அடித்துச் சுவரில் ஒட்டித் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். ‘ண’வில் மூன்று சுழியும் தெரியவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.